வாசலில் வைத்த மரமிருகம்

புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் எங்கள் பக்கத்து வீட்டில் எலேனா என்ற மெக்சிகோக்காரி தனியாக இருந்தாள். ஊருக்குப் போகுமுன், கள்ளருக்குப் பயந்து, ஒரு மரமிருகத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். முயல் காது, பல்லி வால், முதுகில் செட்டை, உடம்பெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். அவளுடைய செத்துப்போன மகன் தன் கையால் செதுக்கி நிறம் தீட்டியதாம்.

அந்த முழிசிய கண்களைப் பார்த்ததும் கண்ணூறு கழிக்க நல்லது என்று நினைத்தேன். வீடு வாங்கிய புதிது. வாசலுக்கு மேலே தெருவைப் பார்க்க வைத்தேன்.

"மாமி, மழை படும். அது ஆற்றையோ சாமான், எங்கட இல்லை," என்றாள் மருமகள்.

"எனக்குப் படிப்பிக்காதை பிள்ளை. அவள் வரமுந்தி எடுத்துவைப்பன்."

ஒரு கிழமை விடாத மழை. எடுக்கப் போனபோது நிறமெல்லாம் கரைந்து கதவில் வழிந்திருந்தது. கையில் வந்தது வெறும் கட்டை.

எலேனா வந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். வயிற்றுக்கு அடியில் ஒரே ஒரு நீலப்புள்ளி மிஞ்சியிருந்தது. அதில் விரலை வைத்தபடி ஏதோ கேட்டாள்.

"எப்பிடி நனைஞ்சது எண்டு கேக்கிறா, மாமி."

"யன்னலில வைச்சனாங்கள், காத்து வெளியில தள்ளிப்போட்டுது, மழைக்குள்ள இறங்கி எடுத்தனாங்கள் எண்டு சொல்லு."

மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அப்படியே சொன்னாள்.

எலேனா அழவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து, மழைக்குள் இறங்கி எடுத்துத் தந்ததற்கு நன்றி சொன்னாள். அடுத்த மாதமே வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

யாருக்கும் தலை குனியாதவள் என்றுதான் இன்றும் என்னைச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம், எனக்காக மருமகள் தலை குனிந்ததுதான் நினைவுக்கு வருகிறது.