எல்லோருக்கும் தலையாட்டிய லீனோ ரபோசோ

ஃபால் ரிவரில், பழைய பஞ்சாலைகளிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் எங்கள் தெருவில், லீனோ ரபோசோவுக்கு ஆகாதவர் என்று ஒருவரும் இருந்ததில்லை. ரபோசோ பேக்கரியின் கல்லாவில் வருஷக்கணக்காக நிற்பவன் அவன். எதிர்ச்சாரியில் என் தையல் கடை. காலையில் அங்கே போய் ஒரு காப்பி குடிக்காவிட்டால் எனக்கு ஊசியில் நூல் ஏறாது. அதனால் நடந்ததில் பாதி என் கண்முன் நடந்தது. மீதியை லீனோவே பிற்பாடு என்னிடம் சொன்னான், தலையை நிமிர்த்தாமல்.

கடையை ஆரம்பித்தவர் அவன் அப்பா. எங்கள் எல்லோருடைய அப்பாக்களையும் போல அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவர். பஞ்சாலையில் கூலி வேலை பார்த்து, யாரோ தூக்கிப் போட இருந்த அடுப்பை வாங்கி, இனிப்பு ரொட்டி சுட ஆரம்பித்தார். கல்லாவுக்கு மேலே அவர் படம் மாட்டியிருக்கும். புதிதாக யார் வந்தாலும் லீனோ அதைக் காட்டுவான்.

"ஒண்ணுமில்லாம வந்தாரு. உழைச்சாரு. சொந்தக் கடை வெச்சாரு. இந்த நாட்டுல மட்டும்தாங்க இது நடக்கும்."

பின்கட்டிலிருந்து அவன் அக்கா நடாலியா குரல் கொடுப்பாள். "விசா முடிஞ்சப்புறம் சித்தப்பா வீட்டு நிலவறையில ஒளிஞ்சிருந்தாரே, அதையும் சேத்துச் சொல்லேன்டா."

லீனோ சிரித்து மழுப்பிவிட்டு ரொட்டியைப் பொட்டலம் கட்டத் தொடங்குவான்.

கடை இருவருக்கும் சரிபாதி. மாவும் அடுப்பும் நடாலியாவுடையது, கல்லாவும் பேச்சும் லீனோவுடையது. பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வரி அதிகம் என்று ஒருவர் புலம்பினால் "சரியாச் சொன்னீங்க" என்பான். பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் காசே தருவதில்லை என்று அடுத்தவர் சொன்னால் "அதுவும் சரிதான்" என்பான். கல்லாவுக்கு இந்தப் பக்கம் கட்சி கிடையாது என்பது அப்பா போட்ட விதி என்று சொல்லிக்கொள்வான். அந்த மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரசாரத்துக்கு வந்த மேயர் ஒருவரைக் கரண்டியோடு தெருமுனை வரை விரட்டியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தினமும் காலையில் ஜன்னலோர ஸ்டூலில் வந்து உட்காருபவர் ஜெர்வாசியோ. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். லீனோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் "கும்பாதிரி" என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். நடாலியா ஒரு கட்சி, ஜெர்வாசியோ எதிர்க்கட்சி. பத்து மணிக்கு அடுப்பு வேலை முடித்து அவள் முன்னால் வந்தால் இருவருக்கும் முட்டிக்கொள்ளும். லீனோ நடுவில் நின்று காப்பி ஊற்றுவான்.

அந்த இலையுதிர்காலத்தில் மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. தங்கும் அனுமதி இல்லாதவர்களுக்கும் வண்டி ஓட்டும் உரிமம் தரலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அது இருக்கலாமா, கூடாதா என்று ஜனங்கள் சொல்ல வேண்டும். நடாலியா ஒரு நீல அட்டை வாங்கி வந்து கடை ஜன்னலில் ஒட்டினாள். "ஆம்" என்று ஒரே ஒரு சொல், பெரிதாக.

யாருக்காக ஒட்டினாள் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். பின்கட்டில் தட்டு கழுவி, மாவு சலித்து, வேலையோடு வேலையாக நடாலியாவிடம் தொழிலும் கற்றுக்கொண்டிருந்த மார்த்தா குவாத்தமாலாக்காரி. விடியுமுன்பே மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் வராத நாட்களில் பனியில் நடந்தே வருவாள்.

ஜெர்வாசியோ அட்டையைப் பார்த்தார். "நான் மூணு வருஷம் வரிசையில நின்னு காகிதம் வாங்கிட்டு வந்தவன். குறுக்கால வந்தவங்களுக்கு நீ பாய் விரிக்கிறியாம்மா?"

"உங்களுக்கு நிக்க ஒரு வரிசை இருந்துச்சு. அவளுக்கு எங்க இருக்கு வரிசை? காட்டுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"இந்த அட்டை நிக்காது பாரு. ஒரு காத்தடிச்சா போயிடும்."

"பசை நான் காய்ச்சினது. உங்க காத்துக்கெல்லாம் அசையாது."

ஸ்டூல்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லீனோ சிரிக்கவில்லை. படகு என்ஜின் பழுது பார்க்கும் ஒருவன் ஜன்னலைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போனதை அவன் கவனித்திருந்தான். திருவிழாச் சங்கத்துக்காரர் ஒருவர் "கிறிஸ்துமஸ் ரொட்டிய இந்தத் தடவ எங்க சொல்றதுன்னு யோசிக்கணும்" என்று சும்மா சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கடை திறக்குமுன் லீனோ ஒரு கத்தியால் அட்டையைச் சுரண்டி எடுத்தான். அதை மடித்துக் காருக்குக் கொண்டுபோகத் திரும்பியபோது, பின்கதவில் மார்த்தா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். அவள் அட்டையைப் பார்த்தாள். லீனோ உதட்டில் விரலை வைத்தான். அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தட்டு கழுவப் போனாள்.

பத்து மணிக்கு நடாலியா முன்னால் வந்தாள். வெறும் ஜன்னல். பசைத் தடம் மட்டும் நான்கு மூலையிலும் இருந்தது. ஸ்டூலில் ஜெர்வாசியோ.

"காத்தடிச்சிருச்சு போல" என்றார் அவர் வழக்கமான குறும்போடு.

நடாலியாவின் முகம் மாறியது. "நீங்க எடுத்தீங்களா?"

"என்னது?"

"நேத்து சொன்னீங்க, இன்னிக்கு இல்ல. எங்கிட்ட சண்டை போடுங்க, கத்துங்க, அது வேற. எங்க கடை ஜன்னல்ல கை வைக்க உங்களுக்கு என்ன உரிமை?"

கடை நிறைய ஆள். நானும் இருந்தேன். ஜெர்வாசியோ வேடிக்கை என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அவர் கழுத்து சிவந்தது. அவர் நடாலியாவைப் பார்க்கவில்லை, லீனோவைப் பார்த்தார்.

"கும்பாதிரி, நீ சொல்லு. நான் அப்படிச் செய்யிற ஆளா?"

லீனோ காப்பிக் குடுவையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "விடுங்க கும்பாதிரி. யார் எடுத்தா என்ன. ஒரு அட்டைதானே. இதோட விட்டுடுவோம்."

அதைவிட மோசமாக எதையும் அவன் சொல்லியிருக்க முடியாது. குற்றத்தை மன்னித்துவிட்ட பெரிய மனுஷன் மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. ஜெர்வாசியோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். பின்கட்டு வாசலில் மார்த்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அந்த ஸ்டூலில் யாரும் உட்காரவும் இல்லை. தெருவில் சிலர் அவரை "அட்டைத் திருடர்" என்று கேலி பேசினார்கள். நடாலியா வேறு அட்டை ஒட்டினாள். அதை லீனோ தொடவில்லை. திருவிழாச் சங்கம் எப்போதும் போல ரொட்டி சொல்லி அனுப்பியது. என்ஜின்காரனும் இரண்டு நாளில் வந்து எண்ணெயில் பொரித்த மலசாடா அப்பம் தின்றுவிட்டுப் போனான். லீனோ எதற்குப் பயந்தானோ அது நடக்கவே இல்லை. வாக்கெடுப்பு முடிந்தால் எல்லாம் தணிந்துவிடும் என்று லீனோ இருந்தான். வாக்கெடுப்பு முடிந்தது. நடாலியாவின் பக்கம் ஜெயித்தது. ஸ்டூல் காலியாகவே இருந்தது.

நவம்பர் கடைசியில் அவன் பேரங்காடியில் ஜெர்வாசியோவைப் பார்த்தான். தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் உறையில் அடைத்த வெட்டு ரொட்டி. எங்கள் ஆட்கள் நோயாளிக்குக்கூட வாங்காத ரொட்டி. லீனோவைக் கண்டதும் அவர் சட்டென்று ஒரு முட்டைக்கோஸை எடுத்து ரொட்டியின் மேல் வைத்து மறைத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

"தப்பு பண்ணினவன் நான். ஒளிக்கிறவர் அவரு" என்றான் லீனோ என்னிடம் இதைச் சொல்லும்போது. "அந்த இடத்துலயே உக்காந்துடலாம் போல இருந்துச்சு."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவர் வழிவிட்டார், உட்காரச் சொல்லவில்லை. சமையலறை மேஜையில் ரபோசோ பேக்கரியின் காகிதப் பை ஒன்று கிடந்தது.

"அட்டைய எடுத்தது நான்தான்" என்றான் லீனோ.

"தெரியும்."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. உங்க மார்த்தா இனிப்பு ரொட்டி எடுத்துக்கிட்டு நடந்தே வந்தா, போன வாரம். 'நீங்க எடுக்கல, எனக்குத் தெரியும்'னா. அவ்வளவுதான். அவளுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கல. கேட்டா அவ சொல்லணும், சொன்னா அவ வேலைக்கு ஆபத்து. அன்னிக்குக் காலையில நான் வரும்போதே ஜன்னல்ல அட்டை இல்ல. கடைச் சாவி ரெண்டு பேருகிட்டதானே இருக்கு. ஒருத்தி என்னைப் பாத்துக் கத்தினா. அப்ப மிச்சம் யாரு?"

லீனோ மேஜையில் கிடந்த பையைப் பார்த்தான். இந்த மனிதர் மார்த்தாவுக்கு எதிராக வாக்குப் போட்டவர். அவள் பிழைப்புக்காகத் தன் மேல் விழுந்த பழியைச் சுமந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறார். அவளோ வேலை போனாலும் போகட்டும் என்று நடந்து வந்திருக்கிறாள்.

"சண்டை வேண்டாம்னுதான் எடுத்தேன் கும்பாதிரி. கடைக்கு எல்லாரும் வேணும்."

"உங்க அக்கா என்னைத் திருடன்னா. கோவத்துல சொன்னா, நம்பிச் சொன்னா. அது பரவாயில்ல. நீ, அது நான் இல்லன்னு தெரிஞ்சே நின்ன. உனக்கு எல்லாரும் வேணும்னா, அதுல நான் இல்லையா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட வந்து சொல்றது சுலபம். அங்க சொல்லு. எல்லாரும் இருக்கும்போது."

சனிக்கிழமை காலையில் சொன்னான். நன்றாகச் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். வரிசை வாசல் வரை நின்றது. நடாலியா தட்டோடு முன்னால் வந்த நேரம் பார்த்து, "அந்த அட்டை விஷயம்... அது ஜெர்வாசியோ இல்ல, நான்தான்" என்று கல்லாவைப் பார்த்துச் சொன்னான். பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. பின்னால் நின்ற கிழவி ஒருத்தி "என்ன சொல்றான், ரொட்டி தீந்துடுச்சா?" என்று கேட்டாள். அவன் மறுபடியும், உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. அவன் காது மடல்கள் வெந்த நண்டு நிறத்துக்குப் போயின.

நடாலியா கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னை அவர் முன்னால பேய் மாதிரி ஆட விட்டுட்டு, நீ குடுவைய துடைச்சுக்கிட்டு நின்னியா?"

அவள் மாவு படிந்த கையோடு, கோட்டுப் போடாமல், தெருவில் இறங்கி ஜெர்வாசியோ வீட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனவள் அரை மணி நேரம் உரிமச் சட்டத்தைப் பற்றி அவரோடு வாதாடிவிட்டு வந்தாள் என்பது மட்டும் தெரியும். அவர் குரல் தெருவரைக்கும் கேட்டதாம்.

அன்று கடை மூடும்போது லீனோ மார்த்தாவிடம் போய் நின்றான். "உன்னையும் பொய்யில இழுத்துவிட்டுட்டேன்."

"நான் பொய் சொல்லல முதலாளி" என்றாள் அவள். "என்னை யாரும் கேக்கலையே." துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வாரம் நடாலியா அவளுக்கும் ஒரு கடைச் சாவி கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஜெர்வாசியோ திரும்ப வந்தார். ஆனால் நேரம் மாறியிருந்தது. நடாலியா முன்னால் வரும் பத்து மணிக்குத்தான் வருவார். இருவரும் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள், பனி அள்ளுவது முதல் ஜனாதிபதி வரை. சண்டை முடிந்ததும் அவர் பேத்தியின் படத்தை அவளிடம் காட்டுவார், அவள் தன் முட்டி வலியை அவரிடம் சொல்வாள். லீனோவிடம் "ஒரு காப்பி, லீனோ" என்பார். கும்பாதிரி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வாழ்நாளில் அவரை ஒரு முறைகூட மறுத்துப் பேசாதவன் லீனோ. பேச்செல்லாம் அவரை மறுத்துப் பேசியவளோடுதான்.

கோடையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மார்த்தாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஜெர்வாசியோ. "எனக்கு இந்தச் சட்டம் பிடிக்காது. ஆனா வந்துடுச்சே. ஓட்டறதுன்னா ஒழுங்கா ஓட்டட்டும்" என்றார், யாரும் கேட்காமலே. அவள் தேர்ச்சி பெற்ற அன்று கடையில் எல்லோரும் நின்று காப்பி குடித்தோம். பேச்சுவாக்கில் நடாலியா தம்பியிடம் கேட்டாள்.

"ஆமா, நீ எந்தப் பக்கம்டா ஓட்டுப் போட்ட? இதுவரைக்கும் சொல்லவே இல்லையே."

லீனோ ஜெர்வாசியோவைப் பார்த்தான், மார்த்தாவைப் பார்த்தான். எப்போதும் வரும் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு போய்விட்டது.

"ஓட்டுச்சீட்டுல அந்தக் கேள்விய மட்டும் ஒண்ணும் குறிக்காம விட்டுட்டேன்" என்றான். "திரைக்குள்ள யாரும் பாக்கல. இருந்தாலும் விட்டுட்டேன்."

கேட்ட கேள்விக்கு அவன் மழுப்பாமல் பதில் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜெர்வாசியோ தன் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினார். லீனோ அதில் ஊற்றினான். கொஞ்சம் தட்டில் சிந்தியது.