பிடுங்காமல் காப்பாற்றிய மூன்று பற்கள்: காஜா பெராங் பயணம்

பல் வைத்தியத்துக்கு மலாக்கா போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போய்வந்த கதையைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசி, நாடு விடுதலை அடைந்து இருபது ஆண்டு தாண்டியிருந்தது. தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கரித்தூளை வைத்து முரட்டுத்தனமாகத் தேய்த்ததில் முன்பற்கள் மூன்றில் ஈறோரம் குழி விழுந்திருந்தது. தண்ணீர் பட்டால் உயிர் போகும். உள்ளூரில் பார்த்தவர்கள் பிடுங்கிவிட்டுப் பல்செட் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு வயது இருபத்தாறு.

பள்ளி விடுமுறையில் ஒரு புதன்கிழமை, நானும் கணவர் கணேசனும் காலை ஏழே காலுக்கு மலாக்கா பஸ் ஏறினோம். இருபத்து நான்கு மைல், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. மலாக்காவில் இறங்கி, கிளினிக் இருந்த காஜா பெராங் தெருவுக்கு மூன்று சக்கர பேச்சாவில் ஒரு வெள்ளி. ஓட்டியவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, பேச்சு மலாய்.

"சாக்கிட் கிகி கா?" என்று என் கன்னத்தைக் காட்டிக் கேட்டார். பல்வலியா என்கிறார். தலையாட்டினேன்.

கிளினிக்கில் டாக்டர் சுந்தரியிடம், "பிடுங்கிடுங்க டாக்டர், டிரில் மட்டும் வேணாம்" என்றேன். முன்பு ஒருமுறை துளைத்ததில் அவ்வளவு பயம்.

"எதுக்கும்மா பிடுங்கணும்? கிளாஸ் அயனோமர்னு புது சிமெண்ட் வந்திருக்கு. கண்ணாடித் தூள்ல செய்யறது. பல்லோட தானா ஒட்டிக்கும், துளைக்க வேணாம்."

"எத்தனை வருஷம் தாங்கும்?" என்றார் கணேசன்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். நானே இப்பத்தான் போட ஆரம்பிச்சிருக்கேன்."

தூளையும் திரவத்தையும் குழைத்து, பளபளப்பு மங்குவதற்குள் குழியில் வைத்தார். இரண்டு பற்கள் நல்லபடியாக முடிந்தன. மூன்றாவதில் எனக்கு இருமல் வந்து, எச்சில் பட்டு, வைத்தது பெயர்ந்துவிட்டது. இனி பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று கண் கலங்கிவிட்டேன்.

"அழாதீங்க லா டீச்சர், மறுபடி கலக்கிடலாம்" என்று சிரித்தார். பஞ்சை மாற்றி, ஈரம் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை நின்றது. ஈரம் படாமலிருக்க மேலே வார்னிஷ் பூசினார். கண்ணாடியில் பார்த்தேன்: கொஞ்சம் வெளுப்பு, ஆனால் பல் நிறம்தான். பஸ்ஸில் கணேசன் ஏதோ சொல்ல, கையால் வாயை மறைக்காமல் சிரித்தேன்.

போகிறவர்களுக்கு: சாப்பிட்டுவிட்டுப் போங்கள், போட்டபின் ஒரு மணி நேரம் வாயில் எதுவும் படக்கூடாது. எவ்வளவு நாள் தாங்கும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இருமல் இருந்தால் வேறு நாள் பாருங்கள்.

இத்தனை வருஷத்தில் சிமெண்டை மூன்று தடவை புதுப்பித்தாகிவிட்டது. பற்கள் மட்டும் என்னுடையவைதான்.