அப்பா சோறு விட்ட வருஷம்

மரச்சீனிக்கிழங்கு வெந்த பானையைச் சரித்துத் தண்ணீரை வடிக்கும்போது கிளம்புகிற ஆவிக்கு மண்வாசனையும் லேசான கசப்பும் உண்டு. கொட்டாரத்துப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டு அடுக்களையில் அந்த வாசனை ஒரு வருஷம் முழுக்கப் போகாமல் நின்றது. முப்பதுகளின் தொடக்கம் அது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் எங்கள் வீட்டில் இந்த மரவள்ளிக்கிழங்கை ஒரு சாப்பாடாக யாரும் மதித்ததில்லை. அப்பா வருஷத்தில் இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், விளைகிற வயலை வைத்துக்கொண்டு, காலையில் பழைய சோற்றுப் "பழஞ்சி"யும் மற்ற வேளைகளில் சுடுசோறுமாகத் தின்று வளர்ந்தவர். அம்மாவோ அருமனைக்காரி, மேட்டு நிலமும் தென்னையுமான அந்தப் பக்கத்தில் கிழங்கும் மீனும்தான் அன்றாட ஆகாரம். கிழங்கு தின்று வளர்ந்தவளுக்கு நெல்லின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று அப்பா கேலி செய்வார். கிழங்கு தின்கிறவர்கள் மலையில் ஏறி வேலை செய்கிறார்கள், சோறு தின்கிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கிறார்கள் என்று அம்மா சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து நடந்துவந்த பேச்சு அது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள்.

அந்த வருஷம் அப்பா திடீரென்று மெலிந்தார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார், ஓயாமல் ஒன்றுக்குப் போனார். அவர் ஒதுங்குகிற வாழைமூட்டில் எறும்பு மொய்ப்பதை அம்மாதான் முதலில் கண்டாள். வில்வண்டி கட்டிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நீரிழிவு என்றார் டாக்டர். அரிசிச் சோறும் சீனியும் இனி வாயில் படக்கூடாது என்று சொல்லி, ஒரு குப்பி மருந்தும் கொடுத்து அனுப்பினார். இதற்கென்று ஊசிமருந்து ஒன்று வந்திருப்பதாகப் பேச்சு இருந்தது. அது எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டுகிறதாக இல்லை. வெளியே ஜனம் காத்துக்கிடந்ததால் மேற்கொண்டு சொல்ல அவருக்கும் நேரமில்லை, கேட்க இவர்களுக்கும் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சோறு, கஞ்சி, புட்டு, ஆப்பம் என்று நெல்லிலிருந்து வருகிற எதுவும் அப்பாவின் தட்டில் விழவில்லை. அந்த இடத்துக்குக் கிழங்கு வந்தது. அருமனையிலிருந்து மாமா சாக்குச் சாக்காக வண்டியில் ஏற்றி அனுப்பினார். சத்தெல்லாம் நெல்லில்தான், கிழங்கு என்பது ஏழைகள் வயிற்றை நிரப்பிக்கொள்கிற வெறும் வேர் என்பதுதான் அன்று எல்லோருடைய எண்ணமும். ஆகவே அதில் நோயைக் கூட்டுகிற எதுவும் இருக்க வழியில்லை. கடைச் சீனி போய், காப்பிக்குக் கருப்பட்டி வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாகக் கொடுக்கிற கருப்பட்டி யாரை என்ன செய்யும். காலையில் உடம்புச் சூட்டுக்கு ஒரு செம்பு "அக்கானி". பதநீரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தன் ஊர்க் கிழங்கு புருஷனைக் காப்பாற்றப்போகிறது என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் சபையில் "பிடியரிசி" என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோவார்கள். அம்மா ஒரு பிடியோடு நிற்காமல், அப்பா தின்னாமல் விட்ட பங்கு முழுவதையும் அந்தக் கலயத்தில் போட்டாள். சோற்றை விடுவது அவளுக்கு வைத்தியமாகத் தோன்றவில்லை, உபவாசமாகத் தோன்றியது. உபவாசத்துக்குப் பலன் உண்டு என்று அவள் நம்பினாள். கலயம் நிறைந்து வருவதைப் பார்த்துச் சபைப் பெண்கள் அவளை மெச்சினார்கள்.

அப்பாவின் பசியோ அடங்கவில்லை. சோறு போகாத வயிறு அப்படித்தான் கேட்கும் என்று அம்மா இன்னும் இரண்டு துண்டு கிழங்கு வைப்பாள். அவர் எங்கள் தட்டுகளைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார். கேலிப் பேச்சு நின்றுபோனது. பாதம் மரத்துக் கிடக்கிறது, தரையில் நிற்கிற மாதிரியே இல்லை என்று சில நாள் சொன்னார். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் வயலிலிருந்து வந்து உட்கார்ந்த பிறகு, வாசலிலிருந்து உள்ளே வரை தரையில் ரத்தம் இருப்பதை அம்மா கண்டாள். உள்ளங்காலில் கருவேல முள் ஒன்று முழுதாக இறங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

அந்தப் புண் ஆறவில்லை. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினார்கள், விரல்கள் கறுத்தன, நாற்றம் வந்தது. மறுபடியும் வண்டி கட்டினார்கள். என்னை விட்டுவிட்டுப்போக ஆளில்லாததால் நானும் கூடப் போனேன். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒரு பருக்கை சோறு கொடுக்கவில்லை என்றாள் அம்மா, தலை நிமிர்ந்து. பின்னே என்னதான் கொடுத்தாய் என்று கேட்டதற்கு, கிழங்கையும் கருப்பட்டியையும் அக்கானியையும் மறைக்காமல் சொன்னாள்.

"கிழங்கும் சோறும் உள்ள போனா ஒண்ணுதாம்மா. எல்லாம் சர்க்கரையாத்தான் மாறும்."

"அப்பொ சோறே குடுத்திருக்கலாமா ஐயா?"

அளவாகக் கொடுத்திருக்கலாம் என்றார் அவர். அழவேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி அளந்து சோறு கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, நோயாளிகளின் வீட்டார் சமைக்கிற கொட்டகையில் அம்மா கொஞ்சம் சோறு வடித்து, மீன்குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தாள். அப்பா ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தார். பிறகு தட்டைத் தள்ளினார்.

"கிழங்கு ஒண்ணும் இல்லியா?"

பழைய கேலியா, நாக்கு கிழங்குக்குப் பழகிவிட்டதா, எனக்குத் தெரியாது. மாசி மாதத்துக் கும்பப்பூ அறுப்புக்கு முன்பே அப்பா போய்விட்டார்.

இப்போது கொட்டாரத்தில் எங்கள் வயல் இருந்த இடத்தில் கடைகள் நிற்கின்றன. அக்கானி இறக்கிய பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. மாமாவின் கிழங்குத் தோட்டம் ரப்பராகிவிட்டது. கோவிலில் காணிக்கையைக் கவரில் வைத்துப் போடுகிறார்கள். உழவும் ஓடவும் உடம்புக்குப் பலம் தருவது மாவுச்சத்து என்பதும், இந்த நோய்க்காரருக்கு அதுவே அளவு மீறினால் ஆளைத் தின்றுவிடும் என்பதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. எனக்கும் அப்பாவின் நோய்தான். போன மாதம் ஒரு சின்ன வயது டாக்டர்ப் பெண், என் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றியபடியே, சோறு மட்டுமில்லை பாட்டி, கிழங்கும் சர்க்கரையைக் கூட்டும், பார்த்துச் சாப்பிடுங்கள் என்றாள். அவள் அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள் பட்டையைச் சுற்றி முடித்திருந்தாள்.

"தெரியும் மக்கா" என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.