பாஸ்வேர்டு கேட்கும் திரை

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு அவர் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. சேலைக்கடைப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, கைக்குட்டையால் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

"ஆன் ஆக பத்து நிமிஷம் ஆகுது தம்பி. கொஞ்சம் வேகமாக்கிக் கொடுங்க."

பழைய மெஷினைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். "விண்டோஸ் இதுக்கு பாரம் அங்கிள். லினக்ஸ் போட்டுடறேன், பறக்கும் லா. உள்ள இருக்கற ஃபைல் ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். வைஃபோடது. பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது. நான் உள்ள போனதே இல்ல."

அப்போதாவது ஒருமுறை ஆன் செய்து பார்த்திருக்கலாம். வழக்கம்போல நேராக பென் டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் அழித்து, லினக்ஸை ஏற்றினேன். அவருக்குத் தொல்லை வேண்டாமென்று பாஸ்வேர்டும் கேட்காதபடி செய்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் வந்தவர் மூடியைத் துடைத்துத் திறந்தார். இருபது நொடியில் வெறும் பச்சைத் திரை வந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எங்க தம்பி?"

"யாரு அங்கிள்?"

"பாஸ்வேர்டு கேக்கற இடத்துல அவ போட்டோ வருமே. தினமும் காலையில அதைப் பார்த்துட்டு மூடிருவேன். அவ போய் ரெண்டு வருஷமாச்சு."

அழித்துவிட்டேன், இனி எடுக்க முடியாது என்று சொன்னேன். காதில் விழாதவர்போல மூடியை மறுபடி துடைத்தார்.

"பழையபடி மெதுவாவே இருக்கட்டும் தம்பி. பத்து நிமிஷம்தானே, நான் காத்திருக்கேன்."