கரும்புச் சாறு பட்ட விரல்

“பென்சில் முனைய சக்கரத் தண்ணில வுட்டுக்கினு ஒக்காந்தா பட்டம் குடுத்துருவாங்களா?” என்று மேஸ்திரி ஒருமுறை கேட்டார். என் நைனா வேலை செய்யும் கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் அவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், இப்போது எம்.எஸ்ஸி. வேதியியல்.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மைக்ரோடிப் பென்சிலில் போடும் கரிக்குச்சிதான் என் மின்முனை. நுனியில் நீல நிற வேதிப்பூச்சு, அதன்மேல் குளுக்கோஸைப் பிடித்து மாற்றும் நொதி. எவ்வளவு குளுக்கோஸ் வந்து சேர்கிறதோ, அதற்கேற்ப மின்னோட்டம் திரையில் ஏறும். முதல் மாதம் வெறும் தண்ணீரிலேயே ஏறியது. பூச்சு சரியில்லை என்று நான்கு குச்சிகளைத் தூக்கிப் போட்ட பிறகுதான் புரிந்தது: குளுக்கோஸ் பொடியை எடை போட்ட கையாலேயே நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தத் தை மாதம் மானாம்பதிப் பக்கம் வெட்டு. நைனாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். சர்க்கரை பார்க்கும் சுகாதார அக்காவும் வயலுக்கே வந்திருந்தார். நைனா வேலை நடுவில் வந்து விரலை நீட்டினார். அக்கா பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினார். மீட்டரில் 389.

“மாத்திர போதாதுண்ணா. நாளைக்கே காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி போட வேண்டியிருக்கும்.”

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “இத வச்சிக்கினா வெயில்ல நிக்கிற? மயங்கி வுயுந்தா யார் பதில் சொல்றது? நாளையிலேர்ந்து வராதப்பா.”

வெட்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நைனா கத்தியைக் கீழே வைத்தார். அதன் பிடி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் விட்டது.

“கையக் கழுவிட்டு இன்னொரு தபா பாருங்கக்கா,” என்றேன்.

“தொடச்சேனேம்மா.”

“தொடச்சா போவாது. சோப்பு போட்டுக் கழுவணும். கரும்புச் சாத்துலயும் குளுக்கோஸ் கீது.”

மேஸ்திரி சிரித்தார். “மிசினு தப்பாம், இவுங்க ரைட்டாம்.”

“மிசினும் ரைட்டுதான். எது ரத்தத்துல வந்துது, எது கரும்புல வந்துதுன்னு அதுக்குத் தெரியாது.”

அக்கா பையிலிருந்து சோப்பை எடுத்துக் கொடுத்தார். நைனா மோட்டார் தொட்டியில் முழங்கை வரை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தார். வேறு விரல், மீட்டரில் புதுச் சோதனைப் பட்டை. 171.

“இது எப்பவும் இருக்கறதுதான். மாத்திரைய வுடாதீங்க,” என்றார் அக்கா.

மேஸ்திரி மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “சரி, போயி வெட்டு,” என்று நைனாவிடம் சொன்னார். பிறகு அவரும் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து அக்காவிடம் விரலை நீட்டினார்.

என் கரிக்குச்சியும் அங்கே இருந்திருந்தால் முதலில் அதே தவறான அளவைத்தான் காட்டியிருக்கும். அதைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை.

திங்கட்கிழமை உத்திரமேரூரிலிருந்து முதல் பேருந்தில் கல்லூரிக்குப் போனேன். பையில் அந்த வயல் கரும்பின் சாறு ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது. ரப்பர் கையுறையின் விரலில் அதைத் தடவி உலரவிட்டு, நோட்டில் மூன்று பத்திகளுக்குக் கோடு போட்டேன்: துடைக்கும் முன், துடைத்த பின், கழுவிய பின். முதல் பத்தியில் என் கரிக்குச்சி காட்டிய ஐந்து அளவுகளை எழுதியாகிவிட்டது.