கோணல் சட்டமும் என் பெயரும்

மணப்பட்டில் உப்புக்காற்று தின்னாத ஜன்னல் போட்டேன். அரியாங்குப்பத்தில் கோணல் சுவருக்கு நேரான கதவு மாட்டினேன். மடுகரையில் மூன்று பேர் முடியாதென்று விட்டுப்போன கண்ணாடித் தடுப்பை ஒற்றை ஆளாய் நிறுத்தினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வில்லியனூரில் சொந்தமாக அலுமினியக் கடை வைத்தவனும் நான்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு ரோபோவுக்கு உடம்பை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

அது இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் போட்டிக்குச் செய்தது. நேர்க்கோட்டில் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். அதுவோ இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போனது. போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது குழுத் தலைவியான பெண் அதை என் கடைக்குத் தூக்கி வந்தாள். அதன் அலுமினியச் சட்டத்தில் ஒரு குழாய் நசுங்கியிருந்தது. அதை மட்டும் மாற்றச் சொன்னாள்.

நான் தரையில் வைத்து மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட எட்டு மில்லி கூடுதல்.

"இன்னாம்மா இது, சட்டமே கோணிக்கினு கீது. வண்டி எப்டி நேரா போவும்?"

"நாலு பக்கமும் கரெக்டா அளந்துதான் வெட்னோம் அங்கிள். புரோகிராம்லதான் தப்புன்னு மூணு நாளா அதையே மாத்திக்கினு இருக்கோம்."

"சாஞ்சிபோன கட்டிலுக்கும் நாலு பக்கம் சரியாத்தான் இருக்கும். மூலைக்கு மூலை அளந்தியா?"

ரிவெட் ஆணிகளைத் துளைத்து எடுத்து, நசுங்கிய குழாயை மாற்றினேன். ஜன்னலுக்குப் போடுகிற எல் வடிவத் துண்டுகளை நான்கு மூலையிலும் குழாய்க்குள் செருகினேன். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவரும்வரை இழுத்துப் பிடித்து, மறுபடி ரிவெட் அடித்தேன். சாயங்காலம் கடை வாசலில் ஓடவிட்டோம். நூல் பிடித்ததுபோல் ஓடியது. பிள்ளைகள் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள்.

போன வாரம் அவர்களுடைய பேராசிரியர் வந்தார். ரோபோவைக் கல்லூரி வாசலில் வைக்கக் கண்ணாடிப் பெட்டி வேண்டுமாம். உள்ளே மாட்டும் பலகையையும் காட்டினார். பிள்ளைகள் பெயர், அவர் பெயர், பேட்டரி கொடுத்தவர் பெயர்கூட இருந்தது.

"என் பேரு எங்க சார்?"

"நீங்க ரிப்பேர்தான பண்ணீங்க, பெரியவரே?" சிரித்தார்.

"பேட்டரிய எட்த்துட்டு வேற போட்டாலும் ஓடும் சார். சட்டம் கோணலா இருந்தா எந்த பேட்டரி போட்டாலும் செவுத்துலதான் போய் முட்டும்."

அவர் பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெட்டியை முடித்துவிட்டேன். மூலைக்கு மூலை ஒரு மில்லி பிசகில்லை. பேராசிரியர் ஐயா, பலகையை மறுபடி எழுதிக் கொண்டு வாருங்கள். நானே மாட்டித் தருகிறேன். 'சட்டத்தை நேராக்கியவர்' என்று என் பெயரைப் போடுங்கள். பேட்டரிக்காரருக்கு மேலே.