ஃபேன் போடச் சொன்ன படகோட்டி

நீ என் மச்சானின் குரலை அழித்துவிட்டாய். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். புதுப் பதிப்பை வெளியிட்டு, "விளையாடிப் பார்த்துவிட்டு முதல் அபிப்பிராயத்தை எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாய். இதுதான் என் அபிப்பிராயம். ஆற்றங்கரையில் நிற்கும் படகோட்டி, பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகு, "ஏமே, அந்த ஃபேன போடு, வெந்து பூட்டேன்" என்பான். உன் பதிப்பில் அவன் அதைச் சொல்லவில்லை.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். மச்சான் என் அக்காவின் கணவர். திருமழிசை தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். பூந்தமல்லியில் ஒரே வீட்டில் அவர்கள் கீழே, நான் மாடியில். வாளும் மந்திரமும் டிராகனும் உள்ள பெரிய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் அவருக்குப் பைத்தியம். அதில் எந்தத் திசையிலும் நடந்து போகலாம், எதிரே வரும் யாரிடமும் பேசலாம். அந்த மாதிரி விளையாட்டுகளின் மேல் ரசிகர்களே புது ஊர்களையும் ஆட்களையும் சேர்த்து இணையத்தில் இலவசமாகப் போடுவார்கள். அதற்கு மாட் என்று பெயர். மச்சான் செய்த மாட் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே எல்லோரும் நம் பேச்சுதான் பேசுவார்கள். ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, "கேம்ல எல்லாம் ராஜா மாதிரியே பேசிகினு கீறானுங்கடா. அப்பறம் மீன எவன் விக்கிறது?" என்றார்.

குரல் பதிவு கீழ் வீட்டு அறையில்தான் நடந்தது. நல்ல கோடை. கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்கின் மேல் பழைய சாக்ஸை மாட்டி, ஃபேனை நிறுத்திவிடுவார். ஃபேன் சத்தம் மைக்கில் ஏறினால் டிராகன் பறக்கிற மாதிரி கேட்கிறது என்பார். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தால் நிறுத்தவேண்டும். நெடுஞ்சாலையில் பஸ் ஹாரன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. நான் ஊர் வாசல் காவலாளி. அக்கா மீன்காரி. படகோட்டி மட்டும் மச்சானே. "அக்கரைக்குப் போனா திரும்பி வரச்சொல்லோ இருட்டிப்பூடும். ஏறு நைனா, ஓரமா குந்து." இவ்வளவுதான் வசனம். அதைச் சொல்லவிடாமல் அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். "நீ ஓட்ற படகுல எவன் ஏறுவான்? பைக்கையே பள்ளத்துல உட்ட ஆளு." அவர் விடவில்லை. "ஏறலன்னா நீஞ்சிப் போவட்டும், உனுக்கு இன்னாமே?" மூன்று பேரும் வியர்வையில் குளித்துவிட்டோம். கடைசியில் ஒருவழியாக வசனம் முழுசாக வந்தது.

வேலை முடிந்ததும் முதல் ஆளாக என்னைத்தான் விளையாட உட்காரவைத்தார். பனி மலையிலிருந்து இறங்கி, பைன் காட்டைத் தாண்டி, இடதுபக்கம் திரும்பினேன். வேலி போட்ட வாசலில் இரும்புத் தொப்பி போட்ட ஒருத்தன் என் குரலில், "இன்னா மொறைக்கிற?" என்றான். உள்ளே போனால் அக்கா மீன் விற்கிறாள். எத்தனையோ விளையாட்டுகளில் எத்தனையோ ஊர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் நான் வெளியூர்க்காரன்தான். அன்றைக்குத்தான் ஒரு மாய உலகத்தில் நானும் அந்த ஊர்க்காரன் என்று தோன்றியது. ஆற்றங்கரைக்குப் போய்ப் படகோட்டியிடம் பேசினேன். வசனத்தைச் சொன்னான். ஒரு மூச்சு விட்டான். பிறகு, கரண்ட்டே இல்லாத அந்த உலகத்தில் நின்றுகொண்டு, "ஏமே, அந்த ஃபேன போடு, வெந்து பூட்டேன்" என்றான்.

மைக்கை நிறுத்தும் முன் மச்சான் அக்காவைப் பார்த்துச் சொன்னது அது. வெட்ட மறந்துவிட்டார். நான் தரையில் உருண்டு சிரித்தேன். அவர் முகம் சுருங்கிப்போய் உடனே சரிசெய்யக் கையை வைத்தார். அக்காதான் தடுத்தாள். "இருக்கட்டும் உடு. நீ என்ன எப்பிடி வேல வாங்குறன்னு ஊரு உலகமே தெரிஞ்சிக்கட்டும்." அப்படியே விட்டார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதை இறக்கி விளையாடினார்கள். படகோட்டியின் ஃபேனைக் கேட்கவே அந்தக் கரைக்குப் போவதாக, மச்சான் அதைப் போட்டிருந்த இணையப் பக்கத்தில் எழுதினார்கள். மச்சான் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டுவார். அவள் பெருமையை மறைத்துக்கொண்டு சட்டி கழுவப் போய்விடுவாள்.

ஒரு பெருமழையில் கீழ் வீட்டில் தண்ணீர் ஏறி அவருடைய லேப்டாப் மூழ்கியது. பதிவு செய்த கோப்புகளும் அதோடு போயின. நான் கவலைப்பட்டேன். அவர் சிரித்தார். "அதான் உலகத்துக்கே குட்த்தாச்சே, ஊட்ல இல்லாட்டி இன்னா?" அடுத்த வருடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வீட்டுக்கு உயிரோடு வரவில்லை, மையத்தாகத்தான் வந்தார்.

கணவன் இறந்தால் எங்கள் பெண்கள் சில மாதங்கள் வெளியே போகாமல் இத்தா இருப்பார்கள். அந்த மாதங்களில்தான் அக்கா, "அந்த ஆத்தாண்ட எப்பிடிடா போறது?" என்று கேட்டாள். என் லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் நடக்கக் கற்றுக்கொடுத்தேன். வாளைத் தொடமாட்டாள். ஓநாய் துரத்தினால், "ஐயோ தம்பி, வர்றான்டா!" என்று விசைப்பலகையை விட்டுவிட்டுக் கையை உதறுவாள். ஒருவழியாகக் கரைக்குப் போனதும் படகோட்டி பேசினான். ஃபேனைப் போடச் சொன்னான். அக்காவின் கை தானாகச் சுவரிலிருந்த சுவிட்சுக்குப் போனது. ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதன் பிறகு தினமும் போனாள். வெளியே ஓர் அடி வைக்காதவள் அந்தக் காட்டைத் தாண்டிப் போய்ப் போய் வந்தாள். ஒரு நாளும் படகில் ஏறியதில்லை. ஏறினால் அவன் பேச்சை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட ஆரம்பித்துவிடுவான். அவர் குரல் செல்போனில் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. "இன்னா வாங்கியாரணும்", "லேட்டாவும், நீ துன்னு." எல்லாம் வெளியிலிருந்து அனுப்பியவை. வீட்டுக்குள் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அந்த ஃபேன் பேச்சு ஒன்றுதான். கல்யாண வீடியோவில்கூடப் பாட்டைப் போட்டுப் பேச்சை மூடிவிட்டார்கள்.

பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து நடத்த நீ வந்தாய். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம் என்று மச்சானே எழுதிவைத்திருந்தார், அதனால் உன்னைத் திருடன் என்று சொல்லமாட்டேன். கடைசியில் அவர் பெயரையும் போட்டிருக்கிறாய். ஆற்றில் விழும் மழை உன் பதிப்பில் நன்றாகவே இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒலித்தரம் சரியில்லை என்று எங்கள் குரல்களை எல்லாம் எடுத்துவிட்டு இயந்திரக் குரல்களை வைத்தாய். "படகோட்டியின் வசனப் பிழை சரிசெய்யப்பட்டது" என்று மாற்றங்களில் எழுதினாய். பழைய பதிப்பைப் பக்கத்திலிருந்தே தூக்கினாய். என் லேப்டாப்பில் இருந்ததும் தானாகப் புதுசாக மாறிவிட்டது.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படகோட்டி யாரோ ஒரு செய்தி வாசிப்பவனைப் போல், "படகில் ஏறுங்கள், பயணியே" என்றான். அவள் பின்னால் நடந்தாள். மறுபடி முன்னால் வந்து பேசினாள். மறுபடியும் அதே குரல். என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் எதனா தப்பா அமுக்கிட்டனாடா?" என்று கேட்டாள்.

உன்னிடம் தனியாகக் கேட்டேன். ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டாய். அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அவர் பெயரைப் பெரிசாகப் போடவும் வேண்டாம். கீழ் வீட்டில் இப்போதும் அந்த ஃபேன் ஓடுகிறது. போடச் சொல்ல ஆள் இல்லை. நீ மாற்றுவதற்கு முன் இருந்த படகோட்டியின் கோப்பு உன்னிடம் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் இல்லை என்று எழுது, பழைய பதிப்பை வைத்திருக்கும் வேறு யாராவது பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். அபிப்பிராயம் கேட்ட அதே பக்கத்தில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுது.